ஊர்ப்பெயருக்கு ஒரு கார், ஊர்ப்பிள்ளைக்கு ஒரு புறவழிச்சாலை

இந்திய ஃபார்முலா 4 சாம்பியன்ஷிப்பின் அடுத்த பருவம் நெருங்குகிறது. பருவம் நெருங்கும்போதெல்லாம் மூன்று வாக்கியங்கள் தவறாமல் உடன்வருகின்றன. நாட்டின் அடுத்த ஃபார்முலா 1 ஓட்டுநர் இங்கிருந்துதான் வருவார் என்பது முதலாவது. பந்தயத்தை நடத்தும் நகரம் உலக வரைபடத்தில் இடம்பெறும் என்பது இரண்டாவது. மூன்றாவது, பந்தயம் கிடைக்காத நகரங்களுக்கு உரியது: சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் வாய்த்த தெருப்பந்தயம் நமக்கு ஏன் வாய்க்கக் கூடாது? கவடியாரிலிருந்து வெள்ளையம்பலம் வரை நேராக நீளும் அரச வீதியையும் சங்குமுகம் கடற்கரைச் சாலையையும் வைத்துக்கொண்டிருக்கும் திருவனந்தபுரத்தில் இக்கேள்வி எழுவது வியப்பன்று. இம்மூன்று வாக்கியங்களும் சேர்ந்து வேறொரு கேள்வியை மறைக்கின்றன என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம். ஒற்றை இருக்கைக் கார்ப் பந்தயம் ஓர் ஏணி என்றால், அதன் அடிப்படியில் காலெடுத்து வைப்பவர் யார், அந்தப் படிக்குப் பணம் கட்டுபவர் யார் என்பதே மறைக்கப்படும் கேள்வி.

முதலில் ஏணியைப் பார்க்க வேண்டும். ஃபார்முலா 4 என்பது சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு வகுத்த விதிகளின்படி 2014இல் இத்தாலியில் தொடங்கிய வகுப்பு. கார்ட்டிங் முடித்த சிறுவர் சிறுமியர் முழு அளவுப் பந்தயக் காருக்கு மாறும் முதல் இடம் அதுவே. 15 வயது நிரம்பினால் போதும். அதாவது சாதாரணச் சாலையில் கார் ஓட்ட உரிமம் பெறுவதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய பத்தாம் வகுப்பு மாணவர், மூடப்பட்ட தடத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாம். எல்லோருக்கும் ஒரே வகைக் கார், ஒரே வகை எஞ்சின். இந்தியத் தொடரில் ஓடுவது பிரான்சின் மைகால் நிறுவனத்தின் சட்டகம். ஃபார்முலா 1 காரை ஓட்டுவதற்கான சூப்பர் உரிமத்துக்கு மூன்று ஆண்டுகளில் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும்; ஃபார்முலா 4 பட்டம் வென்றவருக்கு அதில் 12 கிடைக்கலாம். ஆகவே முதல் வாக்கியம் பொய்யன்று. ஏணி இருக்கிறது, அது மேலே செல்கிறது.

ஆனால் அந்த ஏணியின் ஒவ்வொரு படியும் விலைக்கு விற்கப்படுகிறது. கால்பந்திலோ தடகளத்திலோ திறமை கண்டறியப்பட்ட பிறகு பயிற்சி தொடங்குகிறது. மோட்டார் பந்தயத்திலோ பயிற்சிக்குப் பணம் கட்டிய பிறகே திறமை இருக்கிறதா என்பதே தெரியவரும். எட்டு வயதில் கார்ட், அதற்குரிய டயர், எஞ்சின் பராமரிப்பு, மெக்கானிக், ஊர் ஊராகப் பயணம். பிறகு சோதனை ஓட்டங்கள், சிமுலேட்டர், பயிற்றுநர். இவை அனைத்தையும் ஏழெட்டு ஆண்டுகள் தாங்கிய குடும்பத்தின் பிள்ளைதான் ஃபார்முலா 4 தொடக்கக் கோட்டில் நிற்கிறது. ஒரே வகைக் கார் என்ற விதி தொடக்கக் கோட்டுக்குப் பிந்திய சமத்துவத்தை உறுதிசெய்கிறது. அதற்கு முந்திய ஏழாண்டுகளைப் பற்றி அதற்கு எந்தக் கருத்தும் இல்லை. நுழைவுத் தேர்வு எழுதி வந்த எந்த மாணவருக்கும் இந்த ஏற்பாடு பழக்கமானதே. வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்று என்பதைக் காட்டி, அதற்கு முந்திய பயிற்சி நிலையக் கட்டணத்தை மறைப்பதும் இதே தந்திரம்தான்.

லூயிஸ் ஹாமில்டனின் கதையை இங்கே எதிர்வாதமாகக் கொண்டுவருவார்கள். எளிய பின்னணியிலிருந்து வந்தவர் ஏழுமுறை உலகப் பட்டம் வென்றாரே என்பார்கள். அக்கதையின் நடுப்பகுதியைப் படிக்காதவர்களே அப்படிச் சொல்ல முடியும். மகனின் கார்ட்டிங் செலவுக்காகத் தந்தை ஒரே நேரத்தில் பல வேலைகள் பார்த்தார். 1998இல், ஹாமில்டன் பதின்ம வயதைத் தொட்ட பருவத்தில், மெக்லாரன் நிறுவனம் அவரை இளம் ஓட்டுநர் திட்டத்தில் சேர்த்துக்கொண்டு செலவை ஏற்றது. விதிவிலக்கான திறமைக்கும் எவரோ ஒருவர் அடிப்படியில் பணம் கட்ட வேண்டியிருந்தது என்பதே அக்கதையின் பொருள். ஹாமில்டனே பின்னாளில், பிரிட்டனின் பொறியியல் அகாதெமியுடன் சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்து, இந்த விளையாட்டில் கறுப்பின மக்கள் ஏன் இல்லை என்று ஆராயச் செய்தார். 2021இல் வெளியான அவ்வறிக்கை பெரிதும் பேசியது பள்ளிக்கூடங்களையும் பொறியியல் கல்வியையும் பற்றி.

இந்தியாவின் கதையும் வேறன்று. இதுவரை ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய இந்தியர் இருவர். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓடினார். சென்னையின் கருண் சந்தோக் 2010இல் ஓடினார். நரேனின் தந்தை தேசிய அளவில் பெயர்பெற்ற ராலி ஓட்டுநர். கருணின் குடும்பம் மூன்று தலைமுறையாக மோட்டார் பந்தயத்தில் ஊறியது. இருவரின் திறமையையும் இது குறைக்கவில்லை. ஆயினும் நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாட்டில் இரு பெயர்களும் ஒரே மாநிலத்தின், பந்தயத்தை வீட்டிலேயே அறிந்த இரு குடும்பங்களிலிருந்து வந்தது தற்செயல் என்று எந்தச் சமூகவியல் மாணவரும் எழுத மாட்டார்.

அதே மாநிலத்தில் வேறொரு மரபும் இருந்தது. அதைத்தான் இன்றைய விளம்பரங்கள் மறந்துவிட்டன. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடத்தைத் திறந்தது. 1980களின் இறுதியில் கோவையின் எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை எடுத்து, உள்ளூர்ப் பட்டறைத் திறமையைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். இறக்குமதிக் காருக்கு வழியில்லாத காலத்தில், எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டத் தெரிந்த எஞ்சினைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்த செயல் அது. நரேன் தம் தொடக்கப் பந்தயங்களை ஓடியது மாருதி எஞ்சின் பூட்டிய அத்தகைய காரில்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் கோவை செட்டிப்பாளையத்தில் தடம் அமைந்தது. மாருதி எஞ்சினைக் கொண்ட எல்ஜிபி ஃபார்முலா 4 இன்றும் தேசியப் போட்டிகளில் ஓடுகிறது. ஆக இந்தியாவில் இரண்டு ஃபார்முலா 4 உண்டு. ஒன்று கோவையின் பட்டறைகளில் வளர்ந்தது. மற்றது பிரான்சிலிருந்து வந்தது. முன்னதற்கு விளம்பர வெளிச்சம் இல்லை. பின்னதற்கு நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் அணி உரிமையாளர்கள். அரசின் பணம் எதைத் தேடிச் சென்றது என்று சொல்லவும் வேண்டுமா?

சென்னையை எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்டில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தனியார் ஏற்பாட்டாளருடன் ஒப்பந்தம் செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் தீவுத்திடலைச் சுற்றி நடக்கவிருந்த பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சுமார் 3.5 கிலோமீட்டர் நீளமும் 19 திருப்பங்களும் கொண்ட சாலைத் தடத்தில், விளக்கொளியில் நடந்தது. சர்வதேசக் கூட்டமைப்பின் தடச் சான்றிதழ் தாமதமானதால் முதல் நாள் நிகழ்ச்சி நிரல் குலைந்தது. அதற்காகவும் நீதிமன்றத்திடம் நேரநீட்டிப்புக் கேட்க வேண்டியிருந்தது. இதற்கு முன்பே வழக்குகள் வந்திருந்தன. மருத்துவமனைகளுக்குச் செல்லும் வழி, ஒலி மாசு, பொதுப்பணம் ஆகியவை மனுக்களில் எழுப்பப்பட்டன. 2024 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பந்தயத்தை நிபந்தனைகளுடன் அனுமதித்து, அரசு செலவிட்ட 42 கோடி ரூபாயை ஏற்பாட்டாளர் திருப்பித் தர வேண்டும் என்றது. ஓராண்டு கழித்து, 2025 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது: விளையாட்டை வளர்க்கத் தனியாருடன் கைகோத்துச் செலவிடுவது அரசின் கொள்கை முடிவு, அதை நீதிமன்றம் மாற்றி எழுத முடியாது.

இத்தீர்ப்பைப் பலர் வெற்றிச் சான்றிதழாக வாசிக்கிறார்கள். அது அவ்வாறில்லை. அரசுக்கு இவ்வாறு செலவிட அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் கூறியது. இச்செலவு நல்ல செலவு என்று கூறவில்லை. கூறுவது அதன் வேலையும் இல்லை. கொள்கை முடிவு என்று சட்டம் விலகி நிற்கும் இடத்தில்தான் குடிமக்களின் விவாதம் தொடங்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் பேச வேண்டிய இடமும் அதுவே. ஆகவே சட்டம் கேட்காத கேள்வியை இங்கே கேட்கலாம்: அந்த 42 கோடியில் எந்த அரசுப் பள்ளி மாணவர் கார்ட்டில் ஏறினார்?

தெருத்தடத்தின் இயல்பே இக்கேள்விக்கு எதிரானது. கான்கிரீட் தடுப்புகள் வருகின்றன, வேலிகள் வருகின்றன, விளக்குகள் வருகின்றன. ஒரு வார இறுதி கழிந்ததும் எல்லாம் பிரித்தெடுக்கப்படுகின்றன. சாலை மீண்டும் சாலையாகிறது. திங்கட்கிழமை காலை அங்கு வரும் பதினொரு வயதுச் சிறுமிக்கு எதுவும் மிச்சமில்லை. நிரந்தரத் தடத்தில் போட்ட பணம் குறைந்தது தாராகவாவது தரையில் கிடக்கும். தெருப்பந்தயத்தில் போட்ட பணம் ஒளிபரப்பாகக் கரைந்துவிடும். ஐதராபாத் இதற்கு முந்திய சான்று. 2023 பிப்ரவரியில் உசேன் சாகர் கரையில் ஃபார்முலா இ பந்தயம் நடந்தது. ஆட்சி மாறியது, 2024க்கான பந்தயம் ரத்தானது, பணம் எவ்வாறு கைமாறியது என்பது விசாரணைக்குப் போனது. விசாரணையின் முடிவு எதுவாயினும், ஓர் ஆட்சியின் ஆர்வத்தில் நிற்கும் விளையாட்டு அந்த ஆட்சியோடு போய்விடும் என்பது ஏற்கெனவே நிரூபணமாகிவிட்டது.

இனி கேரளத்துக்கு வரலாம். காட்ஸ்பீட் கொச்சி என்ற பெயரில் ஓர் அணி இப்பந்தயங்களில் ஓடியிருக்கிறது. பெயரில் கொச்சி உண்டு. கொச்சியிலோ, கேரளத்தின் வேறெந்த ஊரிலோ, தேசியச் சாம்பியன்ஷிப் நடத்தத் தக்க நிரந்தரத் தார்த்தடம் இல்லை. திருவனந்தபுரத்துப் பிள்ளை முறையான தடத்தில் ஓட வேண்டுமானால் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தாண்டிக் கோவைக்குச் செல்ல வேண்டும். இல்லையேல் இன்னும் நெடுந்தொலைவு கடந்து இருங்காட்டுக்கோட்டைக்கு. ஊரின் பெயரை எடுத்துக்கொண்டு ஊருக்கு எதுவும் தராத வணிகத்துக்குக் கிரிக்கெட் லீக்குகள் ஏற்கெனவே பழக்கம் ஏற்படுத்திவிட்டன. ஆனால் கிரிக்கெட்டில் ஊர்ப்பிள்ளைக்குத் தென்னை மட்டையும் மைதானமும் இருந்தன. இங்கே அவை இல்லை.

அப்படியானால் ஊர்ப்பிள்ளை எங்கே ஓடுகிறான்? விடையைத் தலைநகரவாசிகள் அறிவார்கள். கழக்கூட்டத்திலிருந்து கோவளம், முக்கோலை நோக்கிச் செல்லும் புறவழிச்சாலையில் ஓடுகிறான். நள்ளிரவுக்குப் பின் கவடியார் வீதியில் ஓடுகிறான். ரீல்ஸுக்காகச் செல்பேசியை ஏந்திய நண்பன் முன்னால் நிற்க, தலைக்கவசம் இல்லாமல் ஓடுகிறான். இச்சாலைகளில் பைக் பந்தயத்தால் இளைஞர்கள் இறந்திருக்கிறார்கள், ஓடாதவர்களும் இறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் காவல்துறை சோதனை, மோட்டார் வாகனத் துறையின் அபராதம், பெற்றோருக்கு அறிவுரை, பிறகு அமைதி. வேகத்தின் மீதான விருப்பம் ஒரு வர்க்கத்துக்குத் திறமை எனப்படுகிறது. மற்றொரு வர்க்கத்துக்குக் குற்றம் எனப்படுகிறது. முதலாமவனுக்கு அரசு சாலையை மூடித் தருகிறது. இரண்டாமவனின் வண்டியை அதே அரசு பறிமுதல் செய்கிறது. பறிமுதல் செய்வது தவறன்று. உயிர் காக்க அது வேண்டும். பறிமுதல் மட்டுமே கொள்கையாக இருப்பதுதான் தவறு.

வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்கள் கேரளத்தின் விளையாட்டு வரலாற்றையே திறந்து பார்க்கலாம். 1976இல் கண்ணூரில் அரசு நடத்திய விளையாட்டுப் பிரிவில் பய்யோளியைச் சேர்ந்த சிறுமி சேர்ந்தார். தங்குமிடம், உணவு, பயிற்றுநர் எல்லாம் அரசுடையவை. எட்டாண்டுகளுக்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா நூற்றில் ஒரு நொடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அந்த நூற்றில் ஒரு நொடிவரை அவரைக் கொண்டுசென்றது எந்த ஒரு வார இறுதி விழாவும் அன்று. நாள்தோறும் போடப்பட்ட முட்டையும் பாலும், விடியற்காலையில் களத்துக்கு வந்து நின்ற பயிற்றுநரும்தான். திருவனந்தபுரத்தின் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியும், காரியவட்டத்தில் 1985இல் தொடங்கிய லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியும் அதே எண்ணத்தின் வழிவந்தவை: அடிப்படியைப் பொதுப்பணம் தாங்கினால் மேற்படிகளுக்குத் திறமை தானே ஏறும். மோட்டார் பந்தயத்தில் மட்டும் இந்த எண்ணம் தலைகீழாகிறது. உச்சிக் காட்சிக்குப் பொதுப்பணம். அடிப்படிக்கு அப்பாவின் பணம்.

செலவு மிகுந்த வேக விளையாட்டைக் கூட்டாகத் தாங்கும் வழியும் கேரளத்துக்குப் புதிதன்று. சுண்டன் வள்ளம் ஒன்றைக் கட்டுவது எந்தத் தனிக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. நூறு பேர் அளவில் துடுப்பு வலிக்கும் அந்தப் படகைக் கரைக்காரர்கள் பங்கு போட்டுக் கட்டினார்கள். படகு ஊரின் சொத்தானது. துடுப்புப் பிடிக்கும் இடம் தோள்வலிமைக்குக் கிடைத்தது. புன்னமடைக் காயலில் 1952 முதல் வரும் நேரு கோப்பைப் பந்தயத்துக்கு அரசும் ஆதரவு தருகிறது. அங்கும் வணிகம் வந்துவிட்டது. வெளியூர்த் துடுப்பாளர்களைச் சம்பளத்துக்கு அழைப்பதும் வந்துவிட்டது. அதைப் பொற்காலமாக வரைய வேண்டியதில்லை. ஆயினும் படகு யாருடையது என்ற கேள்விக்கு அங்கே ஊரின் பெயரைச் சொல்ல முடியும். காட்ஸ்பீட் கொச்சியின் கார் யாருடையது என்ற கேள்விக்குக் கொச்சி என்று எவரும் விடை சொல்ல முடியாது.

பல்கலைக்கழக வளாகத்துக்கு இன்னும் அருகில் ஒரு பாடம் நிற்கிறது. காரியவட்டம் கிரீன்ஃபீல்ட் அரங்கம் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில் கட்டப்பட்டது. தனியார் கட்டி நடத்த, அரசு தவணையாகப் பணம் செலுத்தும் ஏற்பாடு. 2017 நவம்பரில் அங்கே முதல் சர்வதேச இருபது ஓவர் ஆட்டம் நடந்தபோது நகரமே திரண்டது. மறு ஆண்டே, கட்டிய நிறுவனத்தின் தாய்க்குழுமமான ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். கடனில் சரிந்தது. அதன்பின் பராமரிப்பு யார் பொறுப்பு என்ற சச்சரவு ஓயவில்லை. நிலம் தந்த பல்கலைக்கழகத்தின் மாணவர் அந்தப் புல்வெளியில் எத்தனை நாள் காலை வைத்தார் என்பதை அங்கே படித்தவர்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும். அர்ஜென்டினா கால்பந்து அணி 2025இல் கேரளத்துக்கு வரும் என்ற அறிவிப்பு எங்கே போய் முடிந்தது என்பதையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். விழாவைக் கொள்கை என்று நம்பும் பழக்கம் எந்த ஒரு மாநிலத்துக்கும், எந்த ஒரு கட்சிக்கும் உரியதன்று.

இவ்விடத்தில் கல்விப்புலத்திலிருந்தே ஒரு மறுப்பு எழும். மோட்டார் பந்தயம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு. எரிபொருளை எரிக்கும் வீண்வேலை. அதற்கு ஒரு ரூபாய்கூடத் தரக் கூடாது. அடிப்படியைப் பற்றிக் கவலைப்படுவதே தேவையற்றது என்பது அம்மறுப்பு. கேட்க முற்போக்காக இருக்கும். விளைவில் அது மிகவும் பழமையானது. ஏழைப் பிள்ளைக்கு ஓட்டம் போதும், கபடி போதும், இயந்திரம் வேண்டாம் என்பதே அதன் சாரம். எந்த விருப்பம் யாருக்குத் தகும் என்று மேலிருந்து வகுத்துத் தருவது நம் சமூகத்துக்குப் புதிய பழக்கமா என்ன? சூழல் பற்றிய கவலை மெய்யானது. ஆனால் அக்கவலை விழாவுக்குத் திரளும் வாகனங்களையும் ஊர்விட்டு ஊர் செல்லும் சரக்குப் போக்குவரத்தையும் முதலில் கேட்க வேண்டும். மின்சாரக் கார்ட்டில் பழகும் பள்ளிப் பிள்ளையைக் கேட்பது கடைசி.

மேலும் மோட்டார் பந்தயம் ஓட்டுநரின் விளையாட்டு மட்டுமன்று. ஓட்டுநர் ஒருவருக்குப் பின்னால் சட்டக வடிவமைப்பு, காற்றியக்கவியல், பொருளறிவியல், தரவுப் பகுப்பாய்வு, மருத்துவம் என்று ஒரு கல்விப்புலமே நிற்கிறது. 1963இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்ட நகரம் திருவனந்தபுரம். விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும், விண்வெளி அறிவியலுக்கான உயர்கல்வி நிறுவனமும், 1939இல் தொடங்கிய பொறியியல் கல்லூரியும் இங்கே உள்ளன. காற்றைக் கிழித்துச் செல்லும் கூட்டிழைப் பொருள்களைப் பற்றி இந்நகருக்குத் தெரிந்த அளவு இந்தியாவின் மிகச் சில நகரங்களுக்கே தெரியும். பொறியியல் மாணவர்கள் தாமே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களுடன் கோவைத் தடத்தில் ஃபார்முலா பாரத் போட்டிக்கு ஆண்டுதோறும் கூடுகிறார்கள். அம்மாணவர்கள் உதிரிபாகத்துக்கு நிதி கேட்டு நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்குகிறார்கள்; சோதனை ஓட்டத்துக்குக் கல்லூரியின் வாகன நிறுத்துமிடத்தைத் தேடுகிறார்கள். இறக்குமதிக் காரைச் சுற்றி வேலி கட்டக் கோடிகளைக் கண்டெடுக்கும் அரசுகளின் கண்ணுக்கு, உள்ளூரில் கட்டப்படும் கார் ஏன் தெரிவதில்லை?

பாதுகாப்பைப் பற்றியும் பேசாமல் முடிக்க முடியாது. இது இளையோர் விளையாட்டு. பங்கேற்பவர்களில் பலர் சட்டப்படி சிறார். 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், தேசிய மோட்டார் சைக்கிள் போட்டியில், 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அனுபவமுள்ள அமைப்பாளர்களும் மருத்துவ ஏற்பாடும் உள்ள தடத்தில் நடந்தது அது. ஃபார்முலா 4 காரில் ஓட்டுநரின் தலையைக் காக்கும் ஹேலோ வளையம் இருக்கிறது. மோதலைத் தாங்கும் சட்டகம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளோடு அதை ஒப்பிட முடியாது என்பார்கள். ஒப்பிட வேண்டியதில்லை. ஆனால் சிறார் பங்கேற்கும் போட்டிக்கு அரசு சாலையையும் பணத்தையும் தரும்போது, விபத்து விசாரணை வெளிப்படையாக நடக்க வேண்டும். அறிக்கை பொதுவில் வர வேண்டும். காப்பீட்டையும் மருத்துவத்தையும் பெற்றோரின் கையெழுத்தோடு முடித்துக்கொள்ளக் கூடாது. பந்தயத்தை நடத்துபவரே அதன் பாதுகாப்பையும் மதிப்பிட்டு, அந்த மதிப்பீட்டையும் வெளியிடாமல் இருக்கும் முறையைப் பொதுப்பணம் தாங்கக் கூடாது.

ஆகவே அடுத்த பருவத்துக்குப் பொதுப்பணத்தையோ பொதுச்சாலையையோ கேட்டு எவர் வந்தாலும், எந்த அரசிடம் வந்தாலும், சில நிபந்தனைகள் முன்வைக்கப்பட வேண்டும். வரவு செலவுக் கணக்கு பருவம் முடிந்த சில மாதங்களுக்குள் வெளிவர வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுப் பிடுங்கும் நிலை கூடாது. அரசு தரும் தொகையில் ஒரு நிலையான பங்கு கார்ட்டிங் தடத்துக்கும், அரசுப் பள்ளி மாணவர்களின் உதவித்தொகைக்கும் ஒதுக்கப்பட வேண்டும். நகரத்தின் பெயரைத் தாங்கும் அணி, அந்நகரத்திலோ மாநிலத்திலோ இருந்து திறந்த தேர்வின் மூலம் ஓர் இளையோரைக் கண்டெடுத்து, அவருடைய ஒரு பருவச் செலவையாவது ஏற்க வேண்டும். அத்தேர்வில் பெண்களுக்கு உறுதியான இடம் வேண்டும். கார்கள் உருவாக்கும் தரவுகளைப் பொறியியல் கல்லூரிகளுக்குத் திறந்துவிட வேண்டும். மெக்கானிக் பணியிடங்களில் ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும்.

திருவனந்தபுரத்துக்குத் தேவையானது இன்னும் எளியது. தெருத்தடம் வேண்டாம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கார்ட்டிங் தடம் போதும். அதையே ஒரு நாள் பைக் பயிற்சிக்கும், ஒரு நாள் பொறியியல் மாணவர்களின் சோதனை ஓட்டத்துக்கும், ஒரு நாள் ஓட்டுநர் பாதுகாப்புப் பயிற்சிக்கும் பயன்படுத்தலாம். வாடகைக் கார்ட்டுகள் அரசுடையவையாக இருக்கலாம். கட்டணம் நீச்சல் குளத்துக்குக் கட்டும் அளவில் இருக்கலாம். அங்கிருந்து ஃபார்முலா 1 ஓட்டுநர் வருவாரா என்று எவரும் உறுதி சொல்ல முடியாது; சொல்பவரை நம்பவும் கூடாது. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு முக்கோலைச் சாலைக்குப் போகும் பையன்களில் சிலர் அங்கே போவார்கள். தலைக்கவசம் அணிவார்கள், திருப்பத்தில் எப்போது பிரேக் பிடிக்க வேண்டும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லித்தருவார்கள், உயிரோடு வீடு திரும்புவார்கள்.

இதை ஒரு விளையாட்டுக் கொள்கையின் முதல் பலனாக ஏற்க மறுக்கும் அரசு, பந்தயம் நடத்துவது இளைஞர்களுக்காக என்ற சொல்லை இனிப் பயன்படுத்தக் கூடாது. விளம்பரத்துக்காக என்று நேராகச் சொல்லிவிடலாம். அதற்கான விலையை விளம்பரதாரரிடமே கேட்டு வாங்கலாம்.